ஏஞ்சலம்மாளுக்கென்று செய்த சீட்

மிக்கேல்ராஜின் மோட்டார் சைக்கிள் என் மளிகைக் கடை வாசலில்தான் நிற்கும். தாராவியில் வண்டி நிறுத்த ஒரு சாண் இடம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் என் கடைக்கு வருகிறவர்கள் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றித்தான் உள்ளே வர வேண்டும். திட்டிக்கொண்டே வருவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். குடிக்கமாட்டார், வம்புக்குப் போகமாட்டார், வேலைக்குச் சலிக்கமாட்டார். ஒரே ஒரு கெட்ட குணம்தான். தனக்கு ஒரு குறை இருப்பது அடுத்தவருக்குத் தெரிந்துவிடக் கூடாது.

பேன் மருந்து வாங்க வந்தால், "வீட்டுக்காரிக்கு அக்கா" என்பார். ஓமத்தண்ணீர் வாங்கினாலும் வீட்டுக்காரிக்கு. நரைமுடிக்குப் போடுகிற கருப்புச் சாயம்கூட வீட்டுக்காரிக்கு. அவர் மனைவி ஏஞ்சலம்மாளுக்கு ஒரு முடி நரைத்துப் பார்த்ததில்லை நான். மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமைத்துவிட்டு, இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வருகிற பெண் அவள். அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவளுக்கு இல்லாத வியாதி கிடையாது.

மிக்கேல்ராஜுக்கு ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் பார்க்கிற வேலை. காலையில் கிளம்பினால் செம்பூர், தேவ்நார் ஆபீஸ்களைப் பார்த்துவிட்டு, பாலம் ஏறி ஐரோலி கம்பெனிகள் வரைக்கும் போய்த் திரும்புவார். இருபது வருஷமாக அந்த வண்டிச் சீட்டிலேயே வாழ்கிற மனிதர். இது போதாதென்று, ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் பக்கத்து மாதா கோயில் திருவிழா முடிந்த கையோடு, கோயில் ஆட்கள் சேர்ந்து தமிழ்நாட்டுத் தென்கோடியில் இருக்கிற மணப்பாட்டுக்கு மோட்டார் சைக்கிளிலேயே போவார்கள், அங்கே திருச்சிலுவைத் திருவிழாவுக்கு. கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் என்று நாள் கணக்கில் பயணம். எல்லாருக்கும் முன்னால் மிக்கேல்ராஜ்தான் போவார். மற்றவர்கள் டீக்கு நிறுத்தினால், "இதுக்குள்ளயா?" என்பார். கூட்டத்தைக் கூட்டிச் செல்லும் டென்சில் அவருக்கு ‘ஸ்டீல்’ என்று பட்டமே கட்டிவிட்டான். அந்தப் பட்டத்தை அவர் பெற்ற பிள்ளை மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

இந்த வருஷம் மழை தொடங்கி ரோடெல்லாம் பள்ளம் விழுந்த பிறகு, ஸ்டீல் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார். ஏஞ்சலம்மாள் கவனித்துவிட்டு, சயானில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூலம். மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் வெந்நீர் டப்பில் உட்காரச் சொல்லி, வண்டியைக் கொஞ்ச நாள் தொடாதே என்றாராம் டாக்டர். முடியாது என்றால் நல்ல சீட்டாகப் பார்த்துப் போடு, அடிக்கடி இறங்கி நட என்றாராம்.

இதெல்லாம் எனக்கு ஏஞ்சலம்மாள் சொல்லித்தான் தெரியும். மலச்சிக்கலுக்குக் கலக்கிக் குடிக்கிற இசப்கோல் டப்பா வாங்க வந்தாள். "ஒனக்கெதுக்குட்டி இது?" என்று கேட்டேன். சிரிப்பை அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, யார்ட்டயும் சொல்லிறாதீங்க. தெரிஞ்சா அவ்வொ செத்துருவாவ." என் வாய்க்குப் பூட்டுப் போட்டவள் அவள்தான். பின்னால் நான் பட்ட அவஸ்தைக்கும் அதுவே காரணம்.

சீட் பார்க்க மிக்கேல்ராஜ் தனியாகத்தான் குர்லாவுக்குக் கிளம்பினார். என் கடை வாசலில் வண்டியை எடுக்கும்போது டென்சில் பார்த்துவிட்டான். "எங்கண்ணே? சீட்டு மாத்தவா? நானும் வாரேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டான். அவன் நல்ல பையன். நல்ல பையன்கள்தான் இப்படி நேரம் பார்த்து வந்து ஏறிக்கொள்வார்கள்.

குர்லாவில் ஜீஷான் என்பவரின் சீட் கடை. வாசலிலேயே விதவிதமாகத் தொங்கும். ஜெல் வைத்தது, சீட்டுக்கு மேல் கட்டிக்கொள்கிற காற்றுப் பை, பழைய சீட்டைப் பிரித்துப் புது ஃபோம் வைத்துத் தைத்தது. மிக்கேல்ராஜ் கை வைத்தது எல்லாவற்றிலும் மெத்தென்று இருந்த ஒன்றில். உட்கார்ந்து பார்த்ததும் முகமே மலர்ந்துவிட்டதாம். ஜீஷான் சிரித்தார். அந்த மெத்து கடையில் உட்கார்கிற நேரத்துக்குத்தான், ஒரு மணி நேரம் ஓட்டினால் அமுங்கிப் போய் அடித்தகடு முட்டும் என்றார். தூரம் போகிறவனுக்குக் கெட்டி ஃபோம் வேண்டும், பின்பக்கம் அகலம் வேண்டும், டேங்க் பக்கம் சரிந்து வழுக்காமல் மட்டமாக இருக்க வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டு, சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"அங்கிள், கஹா துக்தா ஹை? எங்க வலிக்குதுன்னு காட்டுங்க. அந்த இடத்துல ஃபோமைக் குடைஞ்சு விடுறேன்."

எந்தச் சீட் கடைக்காரரும் கேட்கிற கேள்விதான். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்துபோயிருக்கும். மிக்கேல்ராஜ் டென்சிலைப் பார்த்தார். கடையில் நின்ற வேறு இரண்டு பேரைப் பார்த்தார்.

"எனக்கில்லப்பா. எனக்கென்ன கேடு? பின்னால ஒக்காருற வீட்டுக்காரிக்கு. அவளுக்கு இடுப்பு போச்சு."

டென்சில் பதறிப்போனான். "மைனிக்கா? சொல்லவேயில்லியேண்ணே! அப்ப இந்த வருஷம் மணப்பாட்டுக்கு மைனியும் வாராவளா?"

"ஆமா. நேர்ச்ச ஒண்ணு இருக்கு. நடுவுல நடுவுல வண்டிய நிறுத்தணும் டென்சிலு, அவளால ஒரேயடியா ஒக்கார முடியாது."

"அதுக்கென்னண்ணே, மைனிக்காக எத்தன தடவ வேணும்னாலும் நிறுத்துவோம்."

அடிக்கடி இறங்குவதற்கும் அந்த நிமிஷமே மனைவியைக் காரணமாக்கிவிட்டார் பாருங்கள். அந்தச் சாமர்த்தியத்தை எங்கே போய்ச் சொல்வது!

ஜீஷான் சாக்குக்கட்டியோடு பின்சீட்டுக்குப் போனார். அகலம் போட்டு, கெட்டி ஃபோம் வைத்து, அதற்கு இடம் வேண்டும் என்று முன்சீட்டில் இரண்டு விரல் வெட்டி எடுத்துவிட்டார். ‘மைனிக்கு என் செலவு’ என்று சொல்லி, டென்சில் ஒரு முதுகுச் சாய்மானத்தையும் மாட்டவைத்தான். வண்டி திரும்பி வந்து என் கடை வாசலில் நின்றபோது பார்த்தேன். பின்னால் சலூன் நாற்காலி, முன்னால் மணைப்பலகை. அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் குர்லாவிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். இறங்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம்.

ஏஞ்சலம்மாள் வேலையிலிருந்து வந்து வண்டியைப் பார்த்தாள். "இது யாருக்கு?"

"கொஞ்சம் மெதுவாப் பேசு" என்றார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் அவளும் சிரிக்கத்தான் செய்தாள். பேன் மருந்துக்கும் தலைச்சாயத்துக்கும் சிரித்தவள் இதற்கும் சிரித்துவிட்டாள். "மணப்பாடு போயிட்டு வார வரைக்கும் அப்படியே இருக்கட்டும் ஏஞ்சலு" என்று அவர் கெஞ்ச, சரியென்றாள்.

சரியென்று சொல்லியிருக்கக் கூடாது. டென்சில் வீட்டில் சொல்ல, அவன் மனைவி அன்பியத்தில் சொல்ல, அதற்கு அடுத்த நாளே ரோணிக்கம் வந்துவிட்டாள். தெருவில் இருக்கிற கோயில் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற கூட்டத்தை அன்பியம் என்பார்கள். அதற்கு ரோணிக்கம்தான் தலைவி.

எட்டாம் தேதி மாதா பிறந்த நாள் திருவிழாவில், சின்னச் சப்பரத்தைப் பெண்கள்தான் தோளில் தூக்குவார்கள். உயரம் பார்த்துப் பார்த்துத்தான் ஆள் போடுவது. முன்பக்க இடது கம்பு ஏஞ்சலம்மாளுடையது. அவளுக்குக் கல்யாணம் ஆகி இங்கே வந்த வருஷத்திலிருந்து அந்தக் கம்பை அவள் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. பிள்ளை பெற்ற வருஷம்கூட வந்து பிடித்தவள். நகை போட்டுப் பார்த்ததில்லை, நாலு பேர் முன்னால் பேசியதில்லை. வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் தெருவே அவளைப் பார்க்கும். அதற்காகப் பழைய பட்டுத் துணியில் பஞ்சு வைத்துத் தோள் திண்டு ஒன்று தைத்து, பீரோவில் வைத்திருந்தாள்.

"ஏஞ்சலு, இந்த வருஷம் நீ கம்பத் தொடாத. இடுப்பு நோவோட தூக்கி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா மாதா எங்களத்தான் கேப்பா" என்றாள் ரோணிக்கம்.

"எனக்கு இடுப்புல ஒண்ணுமில்லக்கா."

"தெரியும்ட்டி, நீ இப்படித்தான் சொல்லுவேன்னு. தூக்கணும்ங்கிற ஆசையில மறைக்கிய. ஒம் புருஷனே சொல்லியிருக்காரு, அவரு பொய்யா சொல்லுவாரு? அந்தத் தோள் திண்ட எடுத்துக் குடு, புதுசா வாரவளுக்கு ஆவும்."

ஏஞ்சலம்மாள் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "நான் சொன்னாலும் நம்பல, நீங்க சொன்னாலும் நம்ப மாட்டாவ. அவ்வொ வாயிலேர்ந்து போனது, அவ்வொதான் போயி எடுக்கணும்."

மிக்கேல்ராஜும் போகத்தான் செய்தார். ரோணிக்கம் வீட்டு வாசல் வரை போய், டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டு, "அவளுக்கு இப்ப கொஞ்சம் தேவலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். "தேவலாம்னா ரெஸ்ட்டு எடுக்கட்டும்" என்றாளாம் ரோணிக்கம். இன்னொரு நாள் கோயில் வாசல் வரை போய், டென்சிலைப் பார்த்ததும் வண்டி பெட்ரோல் பற்றிப் பேசிவிட்டு வந்தார். ஏஞ்சலம்மாள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வெந்நீர் போட்டு டப்பில் ஊற்றி வைத்தாள், இசப்கோல் கலக்கி வைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

திருவிழா வந்தது. நான் இந்து வீட்டுப் பெண்தான், ஆனாலும் எட்டாம் தேதி கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மாதாவைப் பார்க்கப் போய்விடுவேன். கோயில் முற்றத்தில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலில், டென்சில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து ஏஞ்சலம்மாளுக்குப் போட்டான். "மைனி, ஒக்காருங்க." அவள் மாட்டேன் என்றாள். சுற்றி நின்ற பெண்கள் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார்கள். அவளை விட மூத்தவர்கள் எல்லாம் நிற்க, கல்லு மாதிரி உடம்புள்ளவள் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், உட்கார முடியாத மனிதர் கையைக் கட்டிக்கொண்டு பூசை முழுக்க நின்றார். வருகிறவர் போகிறவரெல்லாம் அவளைப் பார்த்து ‘ச்சு’ கொட்டிவிட்டுப் போனார்கள். அவர் தலை குனிந்து குனிந்து நெஞ்சுக்கே வந்துவிட்டது. பார்க்க எனக்கே கூசியது.

எங்கள் பக்கத்துக் கோயிலில் சப்பரம் தூக்குவதற்கு முன்னால் சாட்சி நேரம் உண்டு. அந்த வருஷம் மாதாவிடம் வேண்டிச் சுகம் கிடைத்தவர்கள் மைக்கில் வந்து சொல்வார்கள். மைக் டென்சில் கையில். சப்பரத்துப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், ஏஞ்சலம்மாளின் பட்டுத் திண்டைத் தோளில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். ஏஞ்சலம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

அதைத் தாங்கமாட்டாமல்தான் மிக்கேல்ராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் டென்சிலின் காதில் சொன்னது வேறு என்று பிறகுதான் தெரிந்தது. "டென்சிலு, அவளுக்கு இடுப்பு சரியாயிருச்சுடே. இப்ப, இந்த நிமிஷம். அவளையே தூக்கச் சொல்லு."

கம்பும் கிடைத்துவிடும், தன் மானமும் தப்பிவிடும். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில் நின்று அதைச் சொல்கிறோம் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

டென்சில் அழுதேவிட்டான். "நம்ம ஏஞ்சல் மைனிக்கு மாதா இப்பவே சொகம் குடுத்திருக்காவ!" என்று மைக்கில் கத்தினான். ‘மரியே வாழ்க’ என்று முற்றமே அதிர்ந்தது. பெண்கள் ஏஞ்சலம்மாளை நாற்காலியோடு தூக்காத குறையாக முன்னால் கொண்டுபோனார்கள். மைக்கை அவள் கையில் திணித்து, "சாட்சி சொல்லுங்க மைனி" என்றான் டென்சில்.

அவள் மாதா சுரூபத்தைப் பார்த்தாள். அதற்கு முன்னால் நின்று பொய் சொல்ல அவளால் முடியாது. உண்மையைச் சொன்னால் புருஷன் மானம் போகும். கடைசியில், "எங்க வீட்டுக்காரங்க வந்து சொல்லுவாவ" என்றாள். மைக்கை அவரிடம் நீட்டினாள்.

மிக்கேல்ராஜ் வாங்கினார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. "அவளுக்கு இடுப்புல ஒண்ணுமில்ல" என்றார். "எனக்குத்தான். மூலம். ஒக்கார முடியல. அந்தச் சீட்டே எனக்காவ மாத்தப் போனதுதான்."

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசை வைத்த சாமியார் உடனே கையை உயர்த்தி, "இத நாலு பேருக்கு முன்னால சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்!" என்றார். கூட்டம் கை தட்டியது. டென்சில் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "எனக்கும் உண்டுண்ணே, ரெண்டு வருஷமா" என்று ஒருவர் வந்து காதைக் கடித்தார். செத்துப்போவேன் என்று பயந்த மனிதர் மாப்பிள்ளை மாதிரி கூட்டத்துக்குள் திரும்பி வந்தார்.

ஏஞ்சலம்மாள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவளே போய் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து திண்டை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு கம்பைப் பிடித்தாள். பக்கத்துக் கம்பில் இருந்த ரோணிக்கம் சொன்னது எனக்கே கேட்டது. "ஏட்டி, ஒண்ணுமில்லாம எதுக்கு எங்ககிட்ட இடுப்பு நோவுன்னு நடிச்ச? சேர் வேற போட்டு ஒக்காந்திருந்த, மாதா முன்னால?" ஏஞ்சலம்மாள் கம்பைத் தோளுக்கு ஏற்றினாள். சப்பரம் கிளம்பிவிட்டது.

ஊர்வலம் முடிந்து இருவரும் என் கடை வாசலுக்கு வந்தார்கள். அவள் படியில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் பளிச்சென்று இருந்தார்.

"சொல்லிட்டேன் பாத்தியா? நீ நெனச்சிருக்க மாட்ட."

"என்ன சொன்னீங்க?" என்றாள் அவள். "மூலத்தச் சொன்னீங்க. அது நோவு, யாருக்கும் வரும். அதச் சொன்னதுக்கா கை தட்டுனாவ? அத எந்தலையில வச்சதச் சொல்லலியே. நான் ஒண்ணுமில்லன்னு சொன்னத யாரும் கேக்கல. இப்ப நான் நடிச்சவ ஆயிட்டேன். மாதா முன்னால சேர் போட்டு நடிச்சவ."

மைக்கைப் பிடித்தபோதுகூட மிக்கேல்ராஜின் முகத்தில் வராத வெட்கம் அப்போதுதான் வந்தது. வண்டியின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை அந்த அகலமான ஃபோமில் இருந்ததைத் தானே பார்த்துவிட்டு, சுட்டது போல எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும்போது, அவர் ஸ்பானரை வைத்து அந்தச் சாய்மானத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வண்டியை எடுக்காமல் நடந்து ரோணிக்கம் வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டினார். என் கடையிலிருந்து பார்த்தால் அந்த வாசல் நன்றாகத் தெரியும்.

ரோணிக்கம் கதவைத் திறந்து சிரித்த முகமாக உள்ளே கூப்பிட்டாள். அவர் போகவில்லை. வாசலிலேயே நின்று, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார். "நான் பொய் சொன்னேன் அக்கா. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அத அவமேல போட்டேன். அவ நடிக்கல. நீங்கதான் அவள ஒக்கார வச்சீங்க, நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." ரோணிக்கம் சிரிப்பை நிறுத்தினாள். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஏஞ்சலம்மாள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "போதும்ட்டி, கூப்பிடு அவர" என்றேன்.

"போட்டும்க்கா" என்றாள் அவள். "எத்தன வீட்டுக்கு என் இடுப்பு போச்சோ, அத்தன வீட்டுக்கும் போயிட்டு வரட்டும்." சொல்லிவிட்டு இசப்கோல் ஒரு டப்பா கேட்டாள்.